காரணம் இல்லாத நெரிசல்

லண்டன் மாநகரையும் அதன் புறநகர்களையும் சுற்றி எம்25 என்றொரு மோட்டார்வே ஓடுகிறது. நீளம் 188 கிலோமீட்டர். அதில் ஒரே இடத்திலிருந்து இரண்டு கார்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனிலும் நம் ஊரைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் போகும். ஆகவே, கோயிலை வலம் வருவதுபோல லண்டனை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போகிறவருக்கு வெளிப்புறச் சாலை அமைகிறது. எதிர்த்திசைக்காரருக்கு உட்புறச் சாலை. இருவரும் ஒரு முழுச் சுற்று முடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்போது, வெளிவட்டத்தில் போனவர் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓட்டியிருப்பார்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்றுதான் பதில் வரும். இரண்டு சாலைகளின் நடுக்கோடுகளுக்கும் இடையே 25 மீட்டர் இருக்கிறது என்று கொண்டால், விடை 157 மீட்டர். கிலோமீட்டர் அல்ல, மீட்டர்தான். சாலை வளைந்து நெளிந்து போனாலும் விடை மாறாது. வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிச்சாலைக்காரருக்குச் சற்றுத் தூரம் கூடும்; இடப்பக்கம் திரும்பும் வளைவில் அதே கணக்கில் குறையும்; நேர்ச்சாலையில் இருவருக்கும் சமம். வளைவுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது ஒரே ஒரு முழுத் திருப்பம், 360 பாகை. இடைவெளியை 2π என்ற எண்ணால் பெருக்கினால் போதும். சுற்றளவு கணக்கிலேயே வராது. ஒரு வீட்டைச் சுற்றி இதே 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு பாதை போட்டாலும், பூமத்திய ரேகை நெடுகப் போட்டாலும் வித்தியாசம் அதே 157 மீட்டர்தான்.

எம்25 ஒழுங்கான வட்டமும் அல்ல. 188 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்துக்கு ஆரம் 30 கிலோமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் லண்டனின் மையமாகக் கொள்ளப்படும் சேரிங் கிராஸிலிருந்து அளந்தால், வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கத்தில் இந்தச் சாலை 20 கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது. தென்மேற்கே பைஃப்லீட் பக்கத்தில் 31 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. இந்தக் கோணலுக்குக் காரணம் நில அமைப்பைவிட அரசியல் என்றே சொல்வேன்.

லண்டனைச் சுற்றி வளையமாகச் சாலை போடும் யோசனை பழையது. 1937இல் சர் சார்லஸ் பிரெஸ்ஸி என்ற பொறியாளர், புதுடில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் ஆலோசனையோடு ஒரு நெடுஞ்சாலை அறிக்கை தந்தார். 1944இல் பேட்ரிக் அபர்குரோம்பி வரைந்த பெருநகரத் திட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தன. 1960களில் அது ‘ரிங்வேஸ்’ என்ற நான்கு வளையத் திட்டமாக உருவெடுத்தது. நான்கில் உட்புறமாக இருந்த முதல் வளையம் குடியிருப்புகளின் நடுவே போகும். அதற்காகப் பல்லாயிரம் வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. முன்னோட்டமாகக் கட்டிய வெஸ்ட்வே என்ற உயர்மட்டச் சாலை 1970இல் திறந்தபோது, சில வீடுகளின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரிலேயே கார்கள் பறந்தன. மக்கள் சும்மா இருக்கவில்லை. சாலைக்கு முன் வீடு என்ற முழக்கத்தோடு தேர்தலிலேயே நின்றார்கள். 1973இல் லண்டன் மாநகர மன்றத்தைக் கைப்பற்றிய தொழிற்கட்சி உள்வளையங்களைக் கைவிட்டது.

மிச்சம் இருந்தவை மூன்றாம், நான்காம் வளையங்கள். இரண்டையும் முழுதாகக் கட்ட முடியாது என்று ஆனபோது, மூன்றாம் வளையத்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் நான்காம் வளையத்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளையும் ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டுத்துணிதான் எம்25. வடக்கே நகரை நெருங்குவதும் தென்மேற்கே விலகுவதும் அதனால்தான்.

கட்டியதும் துண்டு துண்டாகவே. 39 பொது விசாரணைகள் நடந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எதிர்ப்பு. எப்பிங் காட்டின் ஓரத்தில் ஊர்ப் பொதுநிலத்தைக் காப்பாற்றச் சாலையைப் பூமிக்குள் இறக்கி மேலே மூடினார்கள். இன்றைக்கும் அந்த மூடியின் மேல் கிரிக்கெட் நடக்கிறது. கீழே லாரிகள் போகின்றன. முதல் துண்டு 1975இல் சவுத் மிம்ஸிலிருந்து கிழக்கே திறந்தது. கடைசித் துண்டு மேற்கிலிருந்து வந்து அதே சவுத் மிம்ஸில் சேர்ந்தது. 1986 அக்டோபர் 29 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சர் நாடாவை வெட்டினார்.

வளையம் மூடிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. சட்டப்படி பார்த்தால் இன்றுவரை அது மூடவில்லை. கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பகுதிக்கு எம்25 என்ற பெயர் கிடையாது. அது ஏ282 என்ற சாதாரண நெடுஞ்சாலை. மோட்டார்வே என்று பெயர் வைத்துவிட்டால் சில வகை வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அவையெல்லாம் ஆற்றைக் கடக்க லண்டனுக்குள் நுழைந்து சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே நான்கைந்து மைல் நீளத்துக்குப் பெயரை மட்டும் மாற்றி, ஓட்டுவதை அப்படியே விட்டுவிட்டார்கள். சைக்கிளோட்டிகள் மட்டும் அங்கேயும் தாமாக ஓட்ட முடியாது. ஆனால் நின்று கேட்டால், கடவையின் ஊழியர்களே சைக்கிளோடு வண்டியில் ஏற்றிக் கட்டணமில்லாமல் அக்கரையில் இறக்கிவிடுவார்கள். இவ்வளவு பெரிய சாலையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

டார்ட்ஃபோர்ட்டில் ஆற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள், 1963இலும் 1980இலும் திறந்தவை. அவற்றில் வண்டிகள் வடக்கு நோக்கிப் போகின்றன. 1991இல் வந்த இரண்டாம் எலிசபெத் ராணி பாலம் தெற்கு நோக்கி வருகிறவர்களுக்கு. பலத்த காற்று அடித்தால் பாலத்தை மூடி, ஒரு சுரங்கத்தைத் தெற்குப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். எரிபொருள் லாரிகள் சுரங்கத்துக்குள் தனியாகப் போகக் கூடாது. அவற்றைச் சேர்த்து, முன்னும் பின்னும் காவல் வண்டியோடு அனுப்புவார்கள். அதுவரை மற்றவர்கள் சிவப்பு விளக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1,35,000 வண்டிகளுக்காக வடிவமைத்த இந்தக் கடவையில் இப்போது 1,50,000க்கும் மேல் போகின்றன. வளையத்தின் மற்ற இடத்தில் மாட்டிக்கொண்டால் அடுத்த சந்திப்பில் இறங்கி ஊர்ச்சாலை வழியே தப்பிக்கலாம். ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த வழி இல்லை. இதற்காகவே கிழக்கே இன்னொரு கடவை, 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தோடு, கட்டுவதற்கு 2025 மார்ச்சில் அரசு அனுமதி தந்தது.

எம்25ஐக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது கடந்துபோகும் வண்டி. டோவர் துறைமுகத்தில் இறங்கி மான்செஸ்டருக்குப் போகும் லாரி லண்டன் தெருக்களுக்குள் ஏன் நுழைய வேண்டும்? சுற்றிப் போகட்டும். நியாயமான எண்ணம். லாரி சுற்றிப் போகத் தொடங்கியது. அதோடு, அதுவரை யாரும் போகாத பயணங்களும் தொடங்கின. ஹாரோவில் குடியிருந்து க்ராய்டனில் உள்ள உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரும் வளையத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன. நகரத்தின் நடுவே போனால் தூரம் குறைவு, சிக்னல் அதிகம். வெளியே போய் வளையத்தைப் பிடித்தால் தூரம் இருமடங்குக்கும் மேல். ஆனாலும் காலியாக இருக்கும் நாளில் அதுதான் விரைவு. சாலையில் ஒரு காலை வைத்துவிட்டு இரண்டு மூன்று சந்திப்பு தள்ளி இறங்கிவிடுகிற பயணங்கள் இப்படியே பெருகின.

பிறகு நகரமே சாலையைத் தேடி வந்தது. வளையத்தின் பெரும்பகுதி லண்டனின் பசுமைப் பட்டைக்குள் போகிறது. அங்கே நினைத்தபடி வீடு கட்ட முடியாது. ஆனால் பழைய சுண்ணாம்புக்கல் குழிகள் கிடந்தன. 1990இல் தேம்ஸின் வடகரையில் லேக்சைட், 1999இல் தென்கரையில் புளூவாட்டர் என்ற பிரம்மாண்டமான வணிக வளாகங்கள் அப்படிப்பட்ட குழிகளுக்குள் முளைத்தன. 2008இல் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் வந்தபோது அதற்கென்றே வளையத்திலிருந்து ஒரு கிளைச்சாலை பிரிந்தது. ஒரு நாளைக்கு 88,000 வண்டிகள் என்ற கணக்கில் வடிவமைத்த சாலையில் 1993இல் 2,00,000 வண்டிகள் ஓடின. அகலப்படுத்தினார்கள், அதுவும் நிரம்பியது. ஹீத்ரோ பக்கத்தில் இன்று 12 தடங்கள் இருக்கின்றன.

புதுச்சாலை தன்னை நிரப்பும் வண்டிகளைத் தானே உண்டாக்குகிறது என்பதை பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே 1994இல் ஒப்புக்கொண்டது. 2011இல் டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து, சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். இதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. இலவசமாகக் கொடுக்கும் எதற்கும் வரிசை நிற்கும். வியப்பு வேறொன்றில் இருக்கிறது.

எம்25இல் ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று. திடீரென்று எல்லா வண்டிகளும் நிற்கும். ஐந்து நிமிடம் ஊர்ந்து போவோம். விபத்தாக இருக்கும், சாலைப் பணியாக இருக்கும் என்று எட்டிப் பார்ப்போம். பிறகு வண்டிகள் கலையும், வேகம் பிடிக்கும். விபத்தும் இல்லை, பணியும் இல்லை, ஒரு முக்கோணக் கூம்புகூட இல்லை. ஏன் நின்றோம்?

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேரடியான விடை. 230 மீட்டர் சுற்றளவில் தரையில் ஒரு வட்டம் வரைந்தார்கள். 22 கார்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் நிறுத்தினார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்பது மட்டுமே ஓட்டுநர்களுக்குச் சொன்னது. சந்திப்பு இல்லை, சிக்னல் இல்லை, மேடு பள்ளம் இல்லை, தடம் மாற இடமும் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகச் சுற்றின. பிறகு யாரோ ஒருவர் இம்மியளவு வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் சற்றுத் தாமதமாகக் கவனித்ததால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக பிரேக் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதைவிட அழுத்தமாக. சற்று நேரத்தில் வட்டத்தின் ஒரு பக்கத்தில் நான்கைந்து கார்கள் அசையாமல் நின்றன. நின்றவை முன்பக்கமாக விடுபட்டுப் போயின. புதியவை பின்பக்கமாக வந்து சேர்ந்தன. கார்கள் முன்னோக்கி ஓட, நெரிசல் மட்டும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்து வட்டத்தைச் சுற்றி வந்தது.

மாய நெரிசல் என்று இதைச் சொல்லலாம். குறிப்பிட்ட அடர்த்திக்குக் கீழே வண்டிகள் இருந்தால் ஒருவர் பிரேக் போட்டது பின்னால் உள்ள இடைவெளியில் கரைந்துபோகும். அந்த அளவைத் தாண்டினால் அதே பிரேக் பெருகிக்கொண்டே போகும். ஆகவே முதலில் பிரேக் போட்டவரைத் தேடிப் பிடித்துப் பயனில்லை. அவர் போடாவிட்டால் இன்னொருவர் போட்டிருப்பார்.

நெரிசல் அலையின் வேகமும் வேடிக்கையானது. ஜப்பானில் அளந்தாலும் ஜெர்மனியில் அளந்தாலும் இங்கிலாந்தில் அளந்தாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான்: மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர். ஏன் என்று விரல்விட்டே கணக்குப் போடலாம். நின்றுபோன வரிசையில் ஒரு கார் தன் இடைவெளியையும் சேர்த்துச் சுமார் 7.5 மீட்டர் பிடித்துக்கொள்கிறது. முன்கார் கிளம்பியதைப் பார்த்துப் பின்கார் கிளம்ப ஒன்றரை, இரண்டு வினாடி ஆகிறது. அதாவது 1.7 வினாடிக்கு ஒருமுறை, நெரிசலின் முன்முனை 7.5 மீட்டர் பின்வாங்குகிறது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 16 கிலோமீட்டர். காரின் நீளமும் மனிதனின் அனிச்சை வேகமும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. அதனால் அலையின் வேகமும் மாறுவதில்லை.

இப்போது புகாருக்கு வருவோம். காலை 8 மணிக்கு ஒரு சந்திப்பில் சாலையில் கலக்க வந்த லாரிக்காக யாரோ பிரேக் போட்டார் என்றால், 9 மணிக்கு அதன் விளைவு 16 கிலோமீட்டர் பின்னால் இருக்கும். லாரி அதற்குள் அடுத்த மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 9 மணிக்கு நிற்கிறவர் எட்டிப் பார்த்தால் காரணம் எப்படித் தெரியும்? அது காலத்தாலும் இடத்தாலும் விலகிப் போய்விட்டது. கோட்பாட்டளவில் இந்த அலை வளையம் முழுவதையும் பின்னோக்கிச் சுற்றி வர 12 மணி நேரம் போதும். நடைமுறையில் அதற்குள் வண்டிகள் குறைந்து அலை செத்துவிடும்.

அலையால் கெடுதல் நேரம் மட்டுமல்ல. ஒரு தடம் நன்றாக ஓடும்போது மணிக்குச் சுமார் 2,000 வண்டிகளைக் கடத்திவிடும், அதாவது 1.8 வினாடிக்கு ஒன்று. ஒருமுறை நின்றுவிட்டால், நின்ற வரிசையிலிருந்து வண்டிகள் விடுபடும் விகிதம் அதைவிடக் குறைவு, சில இடங்களில் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு. சாலைக்கு இடம் அதிகம் தேவைப்படும் அந்த வேளையிலேயே சாலை தன் கொள்ளளவை இழக்கிறது. ஆகவே நெரிசலைக் கலைப்பதைவிட அது பிறக்காமல் தடுப்பது லாபம்.

1995இல் எம்25இன் தென்மேற்குப் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். பிரிட்டனில் அதுதான் முதல் முயற்சி. சாலைக்குள் ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பிச் சுருள்களைப் புதைத்தார்கள். சுருளில் மெல்லிய மின்னோட்டம் ஓடும். மேலே காரின் உலோக உடல் கடந்தால் அதன் மின்தூண்டல் மாறும். அடுத்தடுத்து இரண்டு சுருள் இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர எடுத்த நேரத்தைக் கொண்டு வேகத்தையும் கணக்கிடலாம். வண்டிகள் அடரத் தொடங்கியதும், தலைக்கு மேல் உள்ள பலகைகளில் வேக வரம்பு 70 மைலிலிருந்து 60ஆக, 50ஆக, தேவைப்பட்டால் 40ஆக இறங்கும். மீறுகிறவர்களைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

மெதுவாகப் போகச் சொன்னால் எப்படி விரைவாகப் போய்ச் சேர்வது? கேட்கிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். உச்ச நேரத்தில் அவர் முன்னால் இருக்கும் தேர்வு 70க்கும் 50க்கும் இடையில் அல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் 50க்கும், ஓடி நின்று, நின்று ஓடும் 20க்கும் இடையில்தான். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும்போது தடம் மாறும் ஆசை குறைகிறது; பிரேக் போடும் தேவை குறைகிறது; அலைக்கு விதை கிடைப்பதில்லை. ஓட்டம் சீரானது, காயம்பட்ட விபத்துகளும் குறைந்தன. பிறகு இதே ஏற்பாடு வளையத்தின் மற்றப் பகுதிகளுக்கும் வேறு மோட்டார்வேகளுக்கும் பரவியது. தடம் கூட்டியதைவிட இதுவே கெட்டிக்காரத்தனமான செலவு என்பது என் எண்ணம்.

பிறகு அமெரிக்காவின் அரிசோனாவில் சுகியாமாவின் வட்டத்தையே திரும்ப வரைந்து, சுமார் இருபது கார்களில் ஒன்றை மட்டும் கணினி ஓட்டும்படி விட்டார்கள். அது முன்வண்டியைத் துரத்தாமல் சராசரி வேகத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போனது. அலை அடங்கியது, மொத்த எரிபொருள் செலவும் கணிசமாகக் குறைந்தது. நிதானமாக ஓட்டுகிற ஒருவர் பின்னால் வருகிற எல்லோருடைய ஹாரனையும் வாங்கிக் கட்டிக்கொண்டு அவர்களுக்கே நன்மை செய்கிறார்.

எம்25இல் கண்ணெட்டும் தூரம்வரை சாலை காலியாக இருக்க, பலகை மட்டும் 50 என்று ஒளிரும்போது ஓட்டுநர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. நான்கு கிலோமீட்டர் தள்ளி ஓர் அலை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. 70 மைலில், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டரில் போனால் அதை 112 வினாடியில் முட்டுவீர்கள். 50 மைலில், மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் 150 வினாடி. இடையில் கிடைத்த 38 வினாடியில், ஒவ்வொரு தடத்திலும் நெரிசலின் முன்முனையிலிருந்து ஏறக்குறைய 19 கார்கள் கழன்று போயிருக்கும். பின்முனையில் உங்களைப் போன்றவர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அது 19 கார் அளவே உள்ள சின்ன நெரிசல் என்றால், நீங்கள் அந்த இடத்தை அடையும்போது அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று பலகையைத் திட்டிக்கொண்டே கடந்துபோவீர்கள்.